கூலி ஏறியது, பங்கு எங்கே?

இரண்டு விதமான தோழர்களோடு அடிக்கடி வாதாட வேண்டியிருக்கிறது. ஒருவர், 1991-க்குப் பிறகு நடந்த எல்லாமே தலித்துகளைக் குழியில் தள்ளிய சதி என்பவர். இன்னொருவர், பணத்துக்குத் தீட்டு கிடையாது, வளர்ச்சி இன்னும் கொஞ்சம் வந்தால் சாதி தானாக உதிர்ந்துவிடும் என்பவர். முதலாமவர் துண்டறிக்கையோடு வருகிறார். இரண்டாமவர் ஐடி கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறார். இருவரும் நம் பிள்ளைகள்தான். இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு: 1991-இல் கதவு திறந்தபோது யார் கையில் என்ன இருந்தது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இந்த வரலாறு 'எல்பிஜி' என்ற மூன்று எழுத்தில் முடிந்துவிடும். தாராளமயம், தனியார்மயம், உலகமயம். ஏதோ சமையல் எரிவாயு சிலிண்டர் மாதிரி! ஐந்து மதிப்பெண்ணுக்கு அது போதும். நமக்குப் போதாது.

நெருக்கடி நிஜமானது. அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்குத்தான் தாங்கும் என்ற நிலை. சுமார் 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பித்தான் கடன் வாங்கினார்கள். 1991 ஜூலை 24 அன்று நரசிம்ம ராவ் அரசு புதிய தொழிற்கொள்கையை நாடாளுமன்றத்தில் வைத்தது. அதே நாளில் மன்மோகன் சிங் பட்ஜெட்டை வாசித்தார். 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்றானது. பொதுத்துறைக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்த 17 துறைகள் எட்டாகக் குறைந்தன. அன்றைக்கு இந்தியப் பொருளாதாரத்தின் அளவு சுமார் 27,000 கோடி டாலர். 2023-இல் அது மூன்றரை லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இதைப் பொய் என்று சொல்லிக்கொண்டு திரிவதில் நமக்கு லாபம் ஒன்றுமில்லை.

இப்போது பக்கத்தில் இன்னொரு நாட்காட்டியை வையுங்கள். 1990 ஆகஸ்ட் 7: மண்டல் பரிந்துரையை நடைமுறைப்படுத்துவதாக வி.பி.சிங் அறிவிக்கிறார். அதே ஆண்டில்தான் புத்தம் தழுவிய தலித்துகளுக்கும் பட்டியல் சாதிக்கான உரிமை கிடைக்கிறது. 1991: அண்ணலின் நூற்றாண்டு, நாடெங்கும் சேரிகளில் சிலைகள் எழுகின்றன. 1992 நவம்பர் 16: பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீதத்தை உச்ச நீதிமன்றம் உறுதி செய்கிறது. அரசு வேலை என்ற பந்தியில் எல்லோருக்கும் இலை போட வேண்டும் என்று சட்டம் வந்த நேரத்தில், சமையல் வேறு வீட்டுக்கு மாறிப்போனது. திட்டமிட்டு மாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. மாறியதால் யாருக்கு நட்டம் என்பதைத்தான் சொல்கிறேன்.

அமைப்புசார் துறையில் அரசும் பொதுத்துறையும் வேலை கொடுத்தவர்கள் 1997-இல் சுமார் 1 கோடியே 95 லட்சம் பேர். 2012-இல் அது சுமார் 1 கோடியே 76 லட்சமாகச் சுருங்கியது. பொருளாதாரம் பல மடங்கு பெருகிய காலத்தில், இட ஒதுக்கீடு செல்லுபடியாகும் இடம் மட்டும் சுருங்கியது. மாடர்ன் ஃபுட்ஸ் 2000-இல் போனது. பால்கோ, விஎஸ்என்எல், இந்துஸ்தான் ஜிங்க் அடுத்தடுத்துப் போயின. 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவும் டாடாவிடம் திரும்பிப் போனது. ஒவ்வொரு விற்பனையின் போதும் 'அரசுக்கு எவ்வளவு வந்தது' என்று பத்திரிகைகள் எழுதின. எத்தனை ஒதுக்கீட்டு இடங்கள் காற்றில் கரைந்தன என்று எத்தனை பத்திரிகை எழுதியது?

அரசு வேலை என்பது நம் குடும்பங்களுக்கு வெறும் சம்பளம் அல்ல என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரயில்வேயில் கேங்மேனாக இருந்த தாத்தா, மின்வாரியத்தில் உதவியாளராக இருந்த அப்பா, கல்லூரிக்குப் போன பிள்ளை: இந்த ஏணி நம் தெருக்களில் எத்தனை வீட்டில் இருக்கிறது! வங்கி கடன் தருவதும், நகரத்தில் ஒரு குடியிருப்பு கிடைப்பதும், ஊரில் எவனிடமும் கைகட்டி நிற்காமல் இருப்பதும் அந்த ஒரு நியமன ஆணையால் நடந்தது. ஏணியின் கீழ்ப்படிகளைத்தான் சீர்திருத்தம் முதலில் உருவியது. நான்காம் நிலைப் பணிகள் ஒப்பந்தத்துக்குப் போயின. அதிலும் துப்புரவுப் பணியைப் பாருங்கள். நிரந்தர வேலையாக இருந்தவரை சாதி நம்மை அதில் பிடித்து வைத்தது. ஒப்பந்த வேலையான பிறகும் ஆட்கள் மாறவில்லை. சம்பளமும் ஓய்வூதியமும்தான் போயின. கழிவுநீர்க் குழாய்களிலும் தொட்டிகளிலும் வேலை செய்பவர்களை ஒன்றிய அரசே நமஸ்தே திட்டத்தின் கீழ் கணக்கெடுத்து, 2024-இல் சுமார் 38,000 பேரின் விவரம் வெளிவந்தது. அதில் ஏறத்தாழ 69 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். நாட்டின் மக்கள்தொகையில் நாம் 16.6 சதவீதம். சந்தைக்குச் சாதி தெரியாது என்பவர்கள், சாக்கடைக்குள் இறங்க ஆள் பிடிக்கும் ஒப்பந்ததாரருக்கு மட்டும் அது எப்படித் தெரிகிறது என்று விளக்க வேண்டும்.

இதோடு நிறுத்திக்கொண்டால் முதல் தோழர் கைதட்டுவார். ஆனால் உண்மை இதோடு நிற்கவில்லை.

உத்தரப் பிரதேசத்தின் இரண்டு வட்டாரங்களில், அசம்கர் மாவட்டத்தின் பிலரியாகஞ்சிலும் புலந்த்ஷகர் மாவட்டத்தின் குர்ஜாவிலும், ஏறத்தாழ 19,000 தலித் வீடுகளில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 1990-இல் எப்படி இருந்தது, 2007-இல் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். சந்திரபான் பிரசாத், தேவேஷ் கபூர் உள்ளிட்டோர் செய்த ஆய்வு அது. பிலரியாகஞ்சில் 1990-இல் மூன்றில் ஒரு வீட்டிலாவது ஒருவர் ஆண்டைக்கு ஏர் ஓட்டும் 'ஹல்வாஹா' பண்ணையாளாக இருந்தார். 2007-இல் நூற்றில் ஒரு வீடுதான் அப்படி. உயர்சாதியார் வீட்டுத் திருமணத்தில் தனியாக உட்கார வைத்துச் சோறு போடும் வழக்கம் 77 சதவீதத்திலிருந்து 9 சதவீதத்துக்கு வந்திருந்தது. என்ன நடந்தது? இளைஞர்கள் டெல்லிக்கும் சூரத்துக்கும் மும்பைக்கும் கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் ரயிலேறிப் போனார்கள். ஆண்டைக்கு ஆள் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். இதை நம் தஞ்சைக்காரர்களும் அறிவார்கள். பண்ணைக்கு ஆள் கூப்பிட வீட்டு வாசலில் வந்து நிற்கிற காலம் வந்ததென்றால், அதில் செங்கொடிக்கும் நீலக்கொடிக்கும் பங்கு இருப்பதுபோலத் திருப்பூர் பஸ்ஸுக்கும் பங்கு உண்டு.

வறுமைக் கணக்கும் அதையே காட்டுகிறது. டெண்டுல்கர் கோட்டின்படி கிராமப்புறப் பட்டியல் சாதியினரில் 2004-05-இல் பாதிக்கு மேல், அதாவது சுமார் 53 சதவீதம் பேர், வறுமையில் இருந்தார்கள். 2011-12-இல் அது சுமார் 31 சதவீதம். அந்த ஏழு ஆண்டுகளில் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது. 2005-இல் சட்டமாகி 2006-இல் தொடங்கிய நூறு நாள் வேலையும் அதே காலத்தில்தான் வந்தது. எது எவ்வளவு தூக்கியது என்று பொருளியலாளர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். கூலி ஏறியது என்பதில் சண்டை இல்லை.

ஆக, ஏறியது கூலி. பசியும் அடிமை வேலையும் குறைவது சின்ன விஷயம் அல்ல. வயிறு நிறைந்தவன் அதைச் சின்னதாகப் பேசக் கூடாது. என் வாதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கூலி ஏறிய அதே காலத்தில் சொத்து எங்கே போனது?

இதைப் புரிந்துகொள்ளச் செங்கல்பட்டைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

1891-இல் அந்த மாவட்டத்தின் ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர், அங்கிருந்த பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். சும்மா கிடக்கும் தரிசைக்கூட இவர்கள் கேட்டு வாங்க முடியவில்லை, மிராசுதாரர்களுக்கு முன்னுரிமை என்ற விதி குறுக்கே நிற்கிறது, குடியிருக்கும் மனைகூட இவர்களுக்குச் சொந்தமில்லை என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து 1892-இல் வந்த ஆணையின் வழியே வழங்கப்பட்ட நிலங்களைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்டவருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் கை மாறியது.

நூறு ஆண்டு கழித்து அதே செங்கல்பட்டில், காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடினார்கள். 1994 அக்டோபரில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டார்கள். இந்தப் பெயர்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அடுத்து நடந்ததை அதோடு சேர்த்து யோசித்தீர்களா? 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. அன்றைக்கு அதுவும் செங்கல்பட்டு மாவட்டம்தான். மறைமலை நகருக்கு ஃபோர்டு வந்தது. 2006-இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. இந்தத் தொழிற்சாலைகள் பஞ்சமி நிலத்தில் நிற்கின்றன என்று நான் சொல்லவில்லை. நான் சொல்வது அதைவிடச் சாதாரணமான விஷயம். நிலத்தின் விலை ஏறப்போவதற்குச் சரியாக முந்தைய கணத்தில் நம் மக்கள் நிலத்தைக் கேட்டார்கள். குண்டுதான் கிடைத்தது. பிறகு விலை ஏறியது.

ஏக்கர் கணக்கில் பேசிய நிலம் சதுர அடிக் கணக்குக்கு மாறியபோது, லாபம் பட்டா வைத்திருந்தவருக்குப் போனது. தவறில்லை, அது சட்டம். அந்த வயலில் பரம்பரையாக நாற்று நட்ட பெண்ணுக்கு 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் இடமே இல்லை. 2013 சட்டம்தான், மூன்று ஆண்டு அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலியையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கில் எடுத்தது. அதற்குள் பெரிய தொழிற்பூங்காக்கள் பலவும் வந்து முடிந்துவிட்டன. நிலம் விற்ற பணம் லாரியானது, தண்ணீர் டேங்கரானது, கல்யாண மண்டபமானது, தொழிலாளர் விடுதியானது, கம்பெனிகளுக்கு ஆள் சப்ளை செய்யும் காண்டிராக்ட் ஆனது. நம் பையன் அதே காண்டிராக்டரிடம் சீருடை வாங்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போனான். சீருடை புதிது. சம்பளம் அப்பாவின் கூலியைவிட அதிகம். முதலாளி மட்டும் அதே தெருக்காரர். நோக்கியா 2014-இல் மூடியபோது பட்டா வைத்திருந்தவரின் கணக்கில் நிலப்பணம் இருந்தது. ஷிப்டுக்குப் போனவனிடம் என்ன இருந்தது?

இது செங்கல்பட்டுக் கதை மட்டும் அல்ல. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் சாகுபடி நிலப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 சதவீதத்துக்கும் குறைவு. தொழில் நிறுவனங்களில் 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி 9.8 சதவீதம் நம்முடையவை. அவற்றிலும் பெரும்பாலானவை ஒருவரே உட்கார்ந்து ஓட்டும் கடைகள். மேலே போகப் போகக் காற்றே கிடையாது. 1,000 பெரிய கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வு, 9,000-க்கும் மேற்பட்ட இயக்குநர்களில் 93 சதவீதம் பேர் முன்னேறிய சாதியினர் என்றது. பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்ந்து 3.5 சதவீதம்.

'திறமைக்குத்தான் வேலை' என்ற பாட்டை இங்கே பாடுவார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். மொத்தம் 4,808 விண்ணப்பங்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு இன்னும் மோசம். 2007-இல் இந்த முடிவு வெளியானது. நமக்குப் பின்னொட்டுப் பெயர் கிடையாதே என்று தமிழ்நாட்டுத் தோழர்கள் ஆறுதல் அடைய வேண்டாம். "எந்த ஊர்?" என்பார்கள். ஊரைச் சொன்னால் "ஊரில் எந்தப் பக்கம்?" என்பார்கள். டெல்லிப் பகுதி மனிதவள மேலாளர்களிடம் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பேசியபோது, எல்லோரும் திறமையைப் பற்றியே பேசினார்கள், கூடவே 'குடும்பப் பின்னணி'யையும் கேட்போம் என்றார்கள். அது வேறு எந்தக் கேள்வி என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது தோழர் இங்கே ஒரு பதில் வைத்திருப்பார்: அப்படியானால் நாமே முதலாளி ஆவோம். 2005-இல் மிலிந்த் காம்ப்ளே தொடங்கிய தலித் தொழில் வர்த்தக சபை சொல்வதும் அதைத்தான். நான் இதைக் கேலி செய்யும் கூட்டத்தில் இல்லை. நம்மில் ஒருவர் தொழில் தொடங்கினால் 'முதலாளித்துவக் கைக்கூலி' என்று முத்திரை குத்துகிறவர்கள், தங்கள் அப்பா வைத்துவிட்டுப் போன வீட்டில் உட்கார்ந்துதான் பெரும்பாலும் அதைச் செய்கிறார்கள். ஆனால் சந்தை மட்டும் நம்மைத் தூக்கிவிடாது என்பதற்கு அந்தச் சபையின் அனுபவமே சாட்சி. 2012-இல் வந்த கொள்முதல் கொள்கை, ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறைகளும் வாங்குவதில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்றது. ஆண்டுக்கணக்கில் அது ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அரசே ஆணை போட்டு, அரசே வாங்கும் இடத்தில் இந்த நிலை. ஆணையே இல்லாத இடத்தில் என்ன நடக்கும்?

அண்ணலை இந்த வாதத்தில் இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். அவரைப் படித்துவிட்டு இழுத்தால் நல்லது. 1918-இல் இந்தியாவின் சிறு நில உடைமைகள் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் முடிவு, நிலத்தில் வேலையின்றி முடங்கிக் கிடக்கும் மக்களைத் தொழில்துறைக்கு மாற்ற வேண்டும் என்பது. கிராமத்தைக் கொண்டாடுகிறவர்களோடு அவருக்கு என்றைக்கும் ஒத்துப்போகவில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக அணைத் திட்டங்களையும் மின்சாரத்தையும் முன்னெடுத்தவர் அவர். வளர்ச்சிக்கு எதிரி அல்ல. அதே மனிதர்தான் 1947-இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' எழுதி, விவசாய நிலமும் அடிப்படைத் தொழில்களும் காப்பீடும் அரசுடைமையாக வேண்டும், அதைச் சட்டமன்றப் பெரும்பான்மை மாற்ற முடியாதபடி அரசமைப்பிலேயே எழுத வேண்டும் என்றார். ஆலை வேண்டும், ஆனால் அதில் உடைமை யாருக்கு என்பதைச் சந்தையின் கையில் விட்டுவிடக் கூடாது என்பதே இரண்டிலும் ஓடும் நூல். இன்றைக்கு நிலத்தையெல்லாம் அரசுடைமை ஆக்கு என்று நான் கேட்கப் போவதில்லை. அரசின் கையில் நிலம் போனால் அது யார் கைக்குப் போகும் என்பதைத்தான் இத்தனை ஆண்டுகளாகப் பார்க்கிறோமே.

கேட்க வேண்டியது தனியார்துறையில் பங்கு. இது புதுக் கோரிக்கை அல்ல. 2004-இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணியின் குறைந்தபட்சச் செயல்திட்டத்திலேயே, தனியார்துறை இட ஒதுக்கீடு பற்றித் தொழிலதிபர்களோடு பேச்சு தொடங்குவோம் என்ற வாக்குறுதி இருந்தது. தொழிலதிபர்கள் 'நாங்களாகவே செய்கிறோம், சட்டம் வேண்டாம்' என்றார்கள். இருபது ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இதற்கு நடுவில் முன்னேறிய சாதி ஏழைகளுக்கான 10 சதவீதம் 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறி, மறுநாள் மாநிலங்களவையையும் தாண்டியது. அதில் தனியார் கல்லூரிகளும் அடக்கம்! அரசமைப்பைத் திருத்த இரண்டு நாள் போதும் என்று தெரிந்துகொண்டோம்.

பங்கு கேட்பதற்கு முன்னால் கணக்கு வேண்டும். அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் தனியார் நிறுவனம், ஊழியர்களின் இன வாரிக் கணக்கை ஆண்டுதோறும் அரசிடம் கொடுக்க வேண்டும். 1960-களிலிருந்து இது நடக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 1998 சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் கொடுக்கின்றன. இந்தியாவில் எந்தத் தனியார் நிறுவனமும் தன்னிடம் எத்தனை தலித்துகள் வேலை செய்கிறார்கள் என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. சாதியைக் கேட்பதே சாதியம் என்பார்கள். நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கேட்கும்போது வராத கூச்சம் அது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே சாதியைக் கேட்பது என்று 2025 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்துவிட்டதால், அந்தச் சாக்கும் இனி எடுபடாது.

இதற்காகப் புதுச் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் செபியிடம் ஆண்டுதோறும் ஒரு பொறுப்புடைமை அறிக்கை தர வேண்டும். 2022-23 முதல் அது கட்டாயம். நிறுவனங்களின் இணையதளத்திலேயே கிடைக்கும். உங்கள் மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கும் கம்பெனி ஒன்றின் அறிக்கையை இறக்கிப் பாருங்கள். நிரந்தர ஊழியர் எத்தனை, மற்றவர் எத்தனை, அதில் பெண்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை, இயக்குநர் குழுவில் பெண்கள் எத்தனை என்று கட்டம் கட்டமாக இருக்கும். பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர் எத்தனை என்ற கட்டம் மட்டும் இருக்காது. அந்தப் படிவத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது செபி. இன்னொரு கட்டத்தைச் சேர்க்க அரசமைப்புத் திருத்தம் வேண்டாம், நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். உங்கள் தொகுதி எம்.பி.யை அடுத்த முறை அம்பேத்கர் சிலைக்கு மாலை போடும் இடத்தில் பார்க்கும்போது, அதைக் கேட்டு நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள்.